குழி இல்லாத கடல்

மாமனாருக்குக் கண் போனதில் அந்த வீட்டில் மனசார சந்தோஷப்பட்டவள் மருமகள் ஒருத்திதான். வெளியே சொல்ல முடியுமா? ஊருக்கு முன்னால் மூக்கை உறிஞ்சினாள், டாக்டர் அறையிலிருந்து அவரைக் கைபிடித்து அழைத்து வந்தாள், நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளி நடக்க வழி செய்து கொடுத்தாள். ஆனால் அன்று மாலை சமையலறையில் தனியாக நின்று சூப்புக்கு உப்புப் போட்டபோது அவள் வாய் தன்னையறியாமல் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தது. அடிப்பாவி என்று நினைக்கிறவர்கள் அந்த மனிதரோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்திவிட்டு வந்து நினைக்கட்டும்.

அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஆழ்கடலின் தரையைப் பற்றிப் பேசுகிற எவரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு மழை சார் என்று பெயர். வெயில் எட்டாத அந்த அடியில் செடியும் கிடையாது, கொடியும் கிடையாது. அங்கே உள்ள ஜீவன்கள் மேலேயிருந்து விழுகிற மிச்சம் மீதியைத் தின்றுதான் பிழைக்கின்றன. செத்த பாசி, உரிந்த தோல், மீன்களின் கழிவு, மேலே உள்ளவர்கள் தின்று சிந்திய துணுக்கு எல்லாம் வெள்ளைத் தூசியாக நாள் பூராவும் இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த மழை கடலடியில் எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பெய்கிறது, அதனால் எங்கே ஒரு பிடி சேற்றை அள்ளினாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்பது அவர் கொள்கை. அதை வைத்தே பதவி வாங்கினார், பரிசு வாங்கினார், கப்பல்களை இங்கே போ அங்கே போகாதே என்று ஆட்டிவைத்தார். எதிர்த்துப் பேசியவர்கள் வேறு வேலை தேடிக்கொண்டார்கள்.

மருமகளும் ஒரு காலத்தில் எதிர்த்துப் பேசியவள்தான். அவளுக்குக் கிடைத்த வேறு வேலை இந்த வீடு.

அப்போது அவள் அவருடைய மாணவி. கப்பலிலிருந்து நீளக் குழாயைக் கம்பிவடத்தில் இறக்கித் தரையில் குத்திச் சேறு எடுப்பார்கள். அந்தப் பயணத்தில் போன இடத்தில் கடலடியில் ஒரு மேடு இருந்தது, அதன் மறைவில் ஒரு குழி. மேட்டு உச்சியில் குத்திய குழாயில் வெறும் மணலும் கூழாங்கல்லும் வந்தன. குழியில் குத்திய குழாயில் காப்பித் தூள் மாதிரி பழுப்புச் சேறு வந்தது. சல்லடையில் போட்டு அலசினால் புழுவும் பூச்சியுமாக நெளிந்தது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கையில் சேறு காய்வதற்குள் அவருடைய அறைக்கு ஓடினாள்.

"மழை ஒரே மாதிரிதான் சார் பெய்யுது. ஆனா தரை ஒரே மாதிரி இல்ல. மேட்டு மேல நீரோட்டம் வேகமா ஓடுது, விழுந்ததைத் துடைச்சு எடுத்துட்டுப் போய்க் குழியில கொட்டுது. கடலடியில யாரு சாப்பிடணும், யாரு பட்டினி கிடக்கணும்னு தீர்மானிக்கறது மேல இருந்து விழற மழை இல்ல சார், கீழ இருக்கற தரையோட வடிவம்தான்."

அவர் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு துண்டை வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"குழாய் சரியா குத்தலம்மா. எல்லாத்தையும் கழுவிக் கொட்டிடு."

அவள் கொட்டினாள். தண்ணீர்க் குழாயைப் பிடித்துத் தன் சேற்றைத் தானே கப்பலின் விளிம்பைத் தாண்டிக் கழுவிவிட்டாள். கடைசிக் குழாய் காலியாகும்வரை அவர் பக்கத்திலேயே நின்றார், பேன்ட் பைக்குள் கையை விட்டுக்கொண்டு. கப்பலின் பக்கவாட்டில் கொஞ்ச நேரம் பழுப்பாக ஓடிற்று, அப்புறம் அதுவும் இல்லை.

கரை திரும்பிய சில மாதங்களில் தன் மகனுக்குப் பெண் கேட்டு அவள் வீட்டுக்கே வந்துவிட்டார். இவ்வளவு பெரிய மனிதர் நம் வாசலுக்கு வந்திருக்கிறாரே என்று அவளுடைய அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பட்டத்தைக் கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த அப்புறம் வரவேயில்லை. அவருடைய கட்டுரைகளை டைப் அடித்தாள், அவருக்குக் கார் ஓட்டினாள், சமைத்தாள், இப்போது கண் போனதும் ஊட்டியும் விட்டாள். புருஷன் பல் டாக்டர். தங்கமான மனிதர்தான். ஊரில் உள்ளவர்களையெல்லாம் வாயைத் திற, வாயைத் திற என்பார், அப்பாவுக்கு முன்னால் மட்டும் தன் வாயைத் திறக்க மாட்டார்.

நிலையத்தில் புதிதாகக் கட்டிய அரங்கத்துக்கு மாமனார் பெயரை வைக்கப்போகிறார்கள் என்ற சேதியை டைரக்டர் நேரில் வந்து சொன்னார். அவரிடம் படித்த ஆள். நிலையத்தில் எல்லோரும் தலையாட்டி என்பார்கள். பார்வை இல்லாதவருக்கு முன்னால்கூட விடாமல் தலையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார் என்றால் பெயர்ப் பொருத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"நீங்க அந்தக் காலத்துல சேறு எடுத்தீங்களே சார், அதே இடத்துல நம்ம கப்பல் இப்ப கேமராவை இறக்கி, தரையை ஒட்டி இழுத்துட்டுப் போயிருக்கு. படம் வந்திருக்கு. விழாவுல அதைத் திரையில போடுவோம், நீங்க மேடையில உக்காந்து பேசணும்."

"படத்தை யாராவது பாத்தீங்களா?"

"ஐயோ, நீங்க பாக்கறதுக்கு முன்னால நாங்களா? யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டேன் சார். எடுத்தவங்களும் இன்னும் கடல்லதான் இருக்காங்க."

கண் இல்லாதவரிடம் நீங்கள் பார்ப்பதற்கு முன்னால் என்று சொல்லிவிட்டோமே என்று தலையாட்டிக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. காது மடல் சிவந்துபோயிற்று.

"மருமக பாத்துச் சொல்வா," என்றார் மாமனார். "அவளுக்கும் கொஞ்சம் கடல் தெரியும்."

கொஞ்சமாம்! தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்த மருமகள் தட்டைக் கீழே போடாமல் இருந்ததே பெரிது. போகும்போது தலையாட்டி படத்தின் பிரதியை அவளிடம் கொடுத்து, "மேடமும் சாரைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணும்," என்றார். சரி என்றாள்.

அன்று மத்தியானம் மாமனார் தூங்கும்போது அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு படத்தைப் போட்டாள். முதலில் சமவெளி. சாம்பல் சேறு, எப்போதோ ஒரு புழு ஊர்ந்த தடம், வேறொன்றுமில்லை. அப்புறம் தரை ஏறியது. பாறை வந்தது. பாறை முழுக்கக் கடற்பஞ்சுகள், வெள்ளை வெள்ளையாக. பஸ் வருகிற திசையைப் பார்த்து நிற்கும் கூட்டத்தைப் போல எல்லாம் ஒரே பக்கம் திரும்பி நின்றன. நீரோட்டம் எந்தப் பக்கமிருந்து தீனி கொண்டுவருகிறதோ அந்தப் பக்கம். கேமரா மேட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்கியது. படத்தோடு கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் பேசுகிறவர்களின் சத்தமும் பதிவாகியிருந்தது.

"விளிம்பு வருது, மெதுவா, மெதுவா. இப்ப இறக்கு."

"யப்பா! குழி பூரா அட்டைடா!"

"மேல கல்லுல சேறே இல்ல, சமவெளியில ஒண்ணையும் காணோம். இங்க மட்டும் எப்படிடா இவ்வளவு?"

குழியில் பழுப்புப் பொடி பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருந்தது. அதன் மேல் கடல் அட்டைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மேய்ந்தன. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணீர் கை விரல்களில் வழிந்தது. அவளுடைய குழி. அவள் கழுவிக் கொட்டிய அதே சேறு, அங்கேயே இருந்திருக்கிறது, தின்றுகொண்டும் பெருகிக்கொண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் அவளுக்கு மாமனார் மேல் கோபம்கூட இல்லை. அவர் எழுந்ததும் ஓடிப்போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் தவித்தாள்.

சூப்பு ஊட்டும்போது அவரே ஆரம்பித்தார்.

"என்னம்மா, படம் பாத்தியா? வழக்கம் போலத்தானே?"

"மாமா, அது வந்து..."

"இரு, இரு. அன்னிக்குக் கப்பல்ல வந்து குழி குழின்னு என்னவோ உளறினியே. எங்க, அந்தக் குழி இருந்துச்சா?" அவர் சிரித்தார். சிரித்ததில் சூப்பு தாடையில் வழிந்தது. அவள்தான் துடைத்துவிட்டாள்.

"இல்ல மாமா," என்றாள். "குழி ஒண்ணும் இல்ல. சமவெளிதான்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. மாமனார் முகம் மலர்ந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு இன்னொரு கரண்டிக்கு வாயைத் திறந்தார். அந்தத் திறந்த வாயைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்கு முழுத் திட்டமும் விளங்கியது. இவர் மேடையில் உட்கார்ந்து சீரான மழை, சீரான மழை என்று பேச வேண்டும். பின்னால் திரையில் அவளுடைய குழி தெரிய வேண்டும். பெயர் வைத்த அரங்கத்தில், அவர் வளர்த்த ஆட்களுக்கு முன்னால், இந்த மனிதரின் பெருமை ஒரே ஒரு தடவை சந்தி சிரிக்க வேண்டும். அப்புறம் அவளுடைய இரண்டு வார்த்தை. இதை முதலில் சொன்னவள் நான். அவ்வளவுதான். அதற்கு மேல் அவளுக்கு இந்த உலகத்தில் எதுவும் வேண்டாம்.

தினமும் காலை ஆகாரம் முடிந்ததும் அவர் அறையில் படத்தைத் துண்டு துண்டாகப் போட்டாள். அவர் முகத்தைத் திரைக்குத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்பார்.

"சாம்பல் சேறு மாமா. ஒரு அட்டை தனியா போகுது."

"அடுத்தது."

"அதே சேறு. ஒரு தடம் மட்டும் தெரியுது."

"அடுத்தது."

முதல் நாள் அவர் ஒன்று கேட்டார். "சத்தம் வராதா? கப்பல்ல பேசறது கேக்குமே."

சத்தத்தை அவள் முன்பே மூடி வைத்திருந்தாள். "இந்தத் தடவை சத்தம் பதிவாகல மாமா."

"ஓ," என்றார். "சரி, அடுத்தது."

பொய்யில் அவள் தேறிவிட்டாள். வெறுமையை விதவிதமாகச் சொல்லக் கற்றுக்கொண்டாள். திரையில் அட்டைகள் மொய்க்கும்போது, "ஒண்ணுமே இல்ல மாமா, துடைச்சு விட்ட மாதிரி இருக்கு," என்பாள். கடற்பஞ்சுக் காட்டைப் பார்த்துக்கொண்டே, "தரை பலகை மாதிரி இருக்கு," என்பாள். அவர் காதில் பூச்சுற்றுவது இத்தனை சுகமாக இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் முன்னாடியே ஆரம்பித்திருப்பாள். ஊட்டும்போதும் கை வேறு வேலை செய்தது. கரண்டியை உதட்டுக்கு ஒரு விரல்கடை தள்ளி நிறுத்துவாள். அவர் வாய் காற்றில் தேடும். அட்டைகளும் இப்படித்தான், வாயைச் சுற்றியுள்ள விரல்களால் சேற்றைத் துழாவும். கொஞ்ச நேரம் தேடவிட்டுத்தான் கொடுப்பாள்.

"அப்பா இப்பல்லாம் எவ்வளவு சந்தோஷமா இருக்கார் பாத்தியா?" என்றார் பல் டாக்டர் ஒரு நாள். "எல்லாம் உன்னாலதான்."

அது சுருக்கென்று தைத்தது. தைக்காமல் இருக்க அவள் கல்லா? ஆனால் பக்கத்து அறையில் மாமனார் பேச்சுக்கு ஒத்திகை பார்க்கும் சத்தம் கேட்டது. "குழி என்று சிலர் சொன்னார்கள். ஆர்வக்கோளாறு. கடல் அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டது." அதைக் கேட்டதும் தைத்த இடம் மரத்துப்போயிற்று.

விழா அன்று அரங்கம் நிறைந்திருந்தது. புது நாற்காலிகளின் பசை வாசனை இன்னும் போகவில்லை. மேடையில் மாமனார் நடுவில், பக்கத்தில் மருமகள். படத்தில் புதுப் பகுதி வரும்போதெல்லாம் அவள் அவர் மணிக்கட்டில் விரலால் தட்ட வேண்டும், அவர் அதற்கேற்பப் பேசுவார் என்று ஏற்பாடு. முன்வரிசையில் பல் டாக்டர், பள்ளிக்கூட நாடகத்தில் தன் பையனைப் பார்க்கும் அப்பாவைப் போல உட்கார்ந்திருந்தார். தலையாட்டி வரவேற்றுப் பேசிவிட்டு விளக்கை அணைக்கச் சொன்னார்.

சமவெளி வந்தது. தட்டினாள்.

"நீங்க பாக்கறது கடலோட தரை," என்று தொடங்கினார் மாமனார். குரல் என்னவோ சிங்கம் மாதிரிதான். "எங்க பாத்தாலும் ஒரே மாதிரி. மேல இருந்து விழற மழை சீரா விழுது, கீழ இருக்கறவங்க சீரா சாப்பிடறாங்க. மேடு, பள்ளம்னு கடலுக்குப் பாரபட்சம் கிடையாது."

பாறை ஏறியது. கடற்பஞ்சுகள் வந்தன. தட்டினாள்.

"பாருங்க, அதே சேறு. பலகை மாதிரி."

யாரோ இருமினார்கள். பின்வரிசையில் ஒரு கிசுகிசு ஓடிற்று. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, ஒலிபெருக்கியில் சத்தம் வருகிறது. வீட்டில் அவள் மூடி வைத்த சத்தம் இங்கே அரங்கம் முழுக்கக் கேட்கிறது. சத்தத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு இத்தனை நாளில் வரவில்லை.

"விளிம்பு வருது, மெதுவா, மெதுவா. இப்ப இறக்கு."

"யப்பா! குழி பூரா அட்டைடா!"

திரை முழுக்கக் குழி. பழுப்பு மெத்தையும், மேய்கிற அட்டைகளும். மாமனார் வாய் பாதி திறந்தபடி நின்றது. தலையாட்டியின் தலை, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஆடாமல் இருந்தது. சத்தம் கேட்டால் கேட்கட்டும்! அவருக்கும் தெரியட்டும். எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டே விழட்டும். அத்தனை வருஷமும் அந்த ஒரு நிமிஷத்துக்குள் வந்து படிந்தது. அந்த நிமிஷம் மட்டும் அவளுக்குப் போதுமானதாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

"நிறுத்துங்கப்பா," என்றார் மாமனார். "படத்தை இங்கயே நிறுத்துங்க."

படம் குழியில் நின்றது.

"நான் பேசினதைக் கேட்டீங்கல்ல? சமவெளி, சீரான மழை, பாரபட்சம் இல்ல. இத்தனை வருஷமா சொல்லிட்டு வந்ததை ஒரு எழுத்து மாத்தாம இன்னிக்கும் சொன்னேன். இப்பத் திரையைப் பாருங்க. யாரு சொல்றது சரி? நானா, கடலா?"

திரை இருந்த பக்கம் கையை நீட்டினார்.

"மழை சீரா பெய்யலாம். தரை சீரா இல்லையே. மேட்டுல விழுந்ததை நீரோட்டம் துடைச்சுக் கொண்டுபோய்க் குழியில சேக்குது. மேட்டு மேல இருக்கறது கையை நீட்டிப் போறதைப் பிடிச்சுத் திங்குது, குழியில இருக்கறது உக்காந்த இடத்துலயே திங்குது, நடுவுல சமவெளியில கிடக்கறது பட்டினி. கண்ணு இருந்தப்ப எனக்கு இது தெரியல. கண்ணு போனப்புறம் தெரிஞ்சுது. நான் தப்பு. என் பேரு வெச்ச இடத்துல, வெச்ச அன்னிக்கே சொல்றேன். நான் சொன்னது தப்பு."

முதலில் ஒருத்தர் எழுந்தார். அப்புறம் வரிசை வரிசையாக எழுந்தார்கள். கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. இப்படி ஒரு நேர்மையா, இந்த வயதில் இப்படி ஒரு மனசா என்று அழுதார்கள். பல் டாக்டர் கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினார். தலையாட்டி அழுதுகொண்டே ஆட்டினார்.

"எல்லாத்துக்கும் காரணம் என் மருமகதான்," என்று கையை உயர்த்தினார் மாமனார். "ஒவ்வொரு படமா எனக்கு விளக்கிச் சொன்னா. ஒரு சின்னப் புழுவைக்கூட மறைக்கல." கையை இறக்கித் துழாவி அவளுடைய மணிக்கட்டைக் கண்டுபிடித்தார். விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள். எழுந்து நின்று சொல்லிவிட்டாள்.

"இதை முதல்ல சொன்னது நான்."

"ஆமா!" என்று தலையாட்டி பாய்ந்து வந்தார். "சாருக்கு முதல்ல பாத்துச் சொன்னதே மேடம்தான்! அவங்க இல்லாம இன்னிக்கு இது இல்ல!"

மறுபடி கைதட்டல்.

"இல்ல, இப்ப இல்ல, அப்ப கப்பல்ல..." என்று ஆரம்பித்தாள். மாமனார் முகம் அவள் பக்கம் திரும்பியிருந்தது. அதே சிரிப்பு, சூப்பு வழிந்த சிரிப்பு. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். அப்புறம் ஏன்மா என்கிட்ட சமவெளின்னு சொன்னே? கண் தெரியாத கிழவரைத் தினமும் உட்கார்த்திவைத்து ஏமாற்றியவள் என்று இத்தனை பேரும் பார்ப்பார்கள். தான் தோண்டிய குழியின் ஆழம் அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நன்றி," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

வழி நெடுக பல் டாக்டர் காரை ஓட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். வீட்டில் மாமனாரை அறைக்கு அழைத்துப்போய், மாலையைக் கழற்றி, செருப்பைக் கழற்றினாள். அவருடைய காலடியில் குந்தியிருந்தபடியே கேட்டாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீ சத்தம் பதிவாகலன்னு சொன்னியே, அப்பவே. எத்தனை கப்பல்ல போயிருக்கேன்? அங்க ஒருத்தனுக்கும் வாய் சும்மா இருக்காது." கால் விரல்களை ஆட்டிச் சொடுக்கு எடுத்துக்கொண்டார். "விழாவுல சத்தத்தை நல்லா கூட்டி வைக்கச் சொன்னது நான்தான். குழி எப்ப வருதுன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

"குழி இருக்குன்னு..."

"அது நீ சேத்தைக் கழுவிக் கொட்டினப்பவே தெரியும். உன் பக்கத்துலதானே நின்னேன். நல்ல சேறு."

கழற்றிய செருப்பைக் கையில் பிடித்தபடியே ஏன் என்று கேட்டாள்.

"அப்ப என் கொள்கைக்கு நல்ல காலம்மா. எவளோ ஒரு மாணவி வந்து அதைச் சாய்க்க விடுவேனா? இப்ப அது ஓஞ்சு போச்சு. மேடு, பள்ளம்னு எல்லா ஊர்லயும் எழுத ஆரம்பிச்சுட்டாங்க. இன்னொருத்தன் வந்து கொன்னா எனக்குக் கேவலம், நானே கொன்னா பேரு." அவர் குரலில் கோபம் இல்லை, கேலிகூட இல்லை. கணக்கு வாத்தியார் கணக்குச் சொல்வது போலச் சொன்னார். "எப்படிக் கொல்றதுன்னுதான் யோசிச்சிட்டிருந்தேன். நீயே வழி பண்ணிக் குடுத்தே."

வெளியே பல் டாக்டர் யாருக்கோ போனில் அரங்கம் எழுந்து நின்றதை விவரித்துக்கொண்டிருந்தார்.

"பசிக்குது," என்றார் மாமனார். "சாப்பாட்டை அவன் கொண்டு வரட்டும். நீ கம்ப்யூட்டரைப் போடு. எல்லாரும் மறக்கறதுக்குள்ள கட்டுரை போயிடணும். தலைப்பை அப்புறம் வெச்சுக்கலாம்."

அவள் எழுந்து போகலாம். போய் எங்கே சொல்வது, யாரிடம் சொல்வது? நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கை விசைப்பலகைக்குத் தானாகப் போயிற்று. இந்த மனிதருக்கு டைப் அடித்துப் பழகிய கை.

"நான் பேச்சு நடையில சொல்றேன். நீ எழுத்துல மாத்திக்கோ." மாமனார் முகத்தை நிமிர்த்தி ஒரு தடவை செருமினார். "கடலடியில யாரு சாப்பிடணும், யாரு பட்டினி கிடக்கணும்னு தீர்மானிக்கறது மேல இருந்து விழற மழை இல்ல, கீழ இருக்கற தரையோட வடிவம்தான்."

அவள் விரல்கள் நின்றன. ஒரு சொல் மாறவில்லை. ஆப்பிள் மென்றுகொண்டே கேட்ட மனிதர், குழாய் சரியாகக் குத்தவில்லை என்று சொன்ன மனிதர், அத்தனை வருஷமும் அதை அப்படியே கெடாமல் வைத்திருந்திருக்கிறார். நடுவில் அவள் சொன்ன சார் மட்டும்தான் இல்லை.

"அடிச்சாச்சா?"

"ம்."

"படிச்சுக் காட்டு."

அவள் படித்தாள். தன் வாக்கியத்தைத் தன் குரலில் அவருக்குப் படித்துக் காட்டினாள். சூப்புக் கிண்ணத்தோடு வந்த பல் டாக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அப்பாவைத் தவிர வேற யாருக்கு இப்படிச் சொல்ல வரும்?" என்றார். அவருக்கு மறுபடியும் கண் கலங்கியது.

மாமனார் மகனின் கரண்டிக்காக வாயைத் திறந்தார். சூப்பை விழுங்கினார், நாக்கால் உதட்டைத் துடைத்துக்கொண்டார், முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"அடுத்தது," என்றார்.